புகை விடாத குற்றம்

எவரிஸ்தோ கர்சாவின் லாரி போதுமான அளவு புகை விடவில்லை என்று அவனுக்கு நோட்டீஸ் வந்தது.

மெக்சிகோவின் எல்லை ஊரான நுவேவோ லாரேடோவில் லாரி ஓட்டுகிறவனுக்கு நோட்டீஸ் புதிதல்ல. டயர் தேய்ந்திருக்கிறது என்று வரும், விளக்கு எரியவில்லை என்று வரும், கண்ணாடியில் விரிசல் என்று வரும். எவரிஸ்தோவின் பதினெட்டு வயது லாரிக்கு மூன்றுமே பொருந்தும். ஆனால் புகை போதவில்லை என்று யாரும் யாரையும் குற்றம் சாட்டி அவன் கேள்விப்பட்டதில்லை. மேலே மூன்று நாட்டுக் கொடிகள் அச்சிட்டிருந்த அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒருமுறை தலைகீழாகக்கூடப் பிடித்துப் பார்த்தான்.

"தங்கள் வாகனத்தின் கரிப்புகை, குறைக்கத் தக்க நிலையில் இல்லை. ஆகவே கரிப்புகைக் குறைப்புத் திட்டத்தில் சேரத் தாங்கள் தகுதியற்றவர். செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு, திட்டத்தின் பச்சை வில்லை ஒட்டாத வாகனங்கள் பாலத்தைக் கடக்க இயலாது" என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டிருந்தது வட அமெரிக்க முந்நாட்டுச் சரக்குப் போக்குவரத்துக் கரிப்புகைக் குறைப்பு ஒத்துழைப்பு ஆணையம். பெயரை முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் பால வரிசையில் லாரி ஓர் அடி நகர்ந்துவிடும். அந்த வரிசையில் ஓர் அடி என்பது சின்ன விஷயமில்லை.

ஆற்றைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போகிற அந்தப் பாலம் இல்லாவிட்டால் எவரிஸ்தோவுக்குப் பிழைப்பே இல்லை. மான்டெர்ரேயிலிருந்து வருகிற சரக்கை மெக்சிகோ லாரி ஆற்றுக்கு இந்தப் பக்கத்துக் கிடங்கில் விட்டுவிட்டுப் போகும். அந்தப் பக்கத்துக் கிடங்கிலிருந்து அமெரிக்க லாரி எடுத்துக்கொண்டு போகும். நடுவில் இருக்கிற இருபது கிலோமீட்டருக்கு மூன்றாவதாக ஒருவன் வேண்டும். அந்த மூன்றாமவன்தான் எவரிஸ்தோ. இருபது கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆகும். அதில் நாலரை மணி நேரம் வரிசையில் நிற்பது.

ஆணையத்தில் மூன்றாவதாகக் கனடாவும் இருந்தது. கனடாவுக்கு இந்தப் பாலத்தோடு என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தமில்லாத ஒருவராவது இருந்தால்தான் கூட்டம் அமைதியாக நடக்கும் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

லாரி புகை விடாததற்குக் காரணம் எவரிஸ்தோவின் மனைவி சாயோ. பாலத்துக்கு முன்னால் வரிசையின் கடைசி ஒரு கிலோமீட்டரில், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே அவள் கோர்டிட்டா சுட்டு விற்றாள். தடிமனான சோள அடையைக் கல்லில் போட்டு, உப்பியதும் வயிற்றைக் கீறி, அவரைக்கொட்டை மசியலோ பச்சைமிளகாயில் வெந்த பன்றித்தோலோ அடைத்துத் தருவாள். அவளுக்கு நெஞ்சு பலவீனம், புகை ஆகாது. அதனால் கடை போட்ட முதல் நாளே ஒரு சட்டம் போட்டாள்: எஞ்சின் ஓடுகிற லாரிக்கு கோர்டிட்டா கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது, கூடப் பணம் தருகிறேன் என்றாலும் கிடையாது.

பசித்தவர்கள் சட்டத்தை மதிப்பார்கள். அந்த ஒரு கிலோமீட்டரில் எல்லோரும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிவந்து சாப்பிட்டார்கள். முன்னால் இருபது லாரி நீளத்துக்கு இடம் காலியானதும் சாயோ பாத்திர மூடியை எடுத்துக் கல்லில் 'டங் டங்' என்று தட்டுவாள். எல்லோரும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பி, ஒரே மூச்சில் நகர்ந்து, மறுபடி நிறுத்துவார்கள். இருபத்தாறு வருடங்களாக இப்படித்தான் நடந்தது. இதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

ஆணையம் வந்து கம்பத்தில் கருவி மாட்டியபோதுதான் சிக்கல் ஆரம்பித்தது. வரிசை முழுக்கப் புகை காட்டிய கருவி, சாயோவின் கிலோமீட்டரில் மட்டும் ஒன்றும் காட்டவில்லை. கருவி பழுது என்று மாற்றினார்கள். புதிதும் காட்டவில்லை. மூன்றாவது கருவி டொரான்டோவிலிருந்து லாரியில் வந்து, எஞ்சின் ஓட ஓட இரண்டு நாள் சுங்கச்சாவடியில் நின்று, அதுவும் வந்து ஒன்றும் காட்டவில்லை. கருவிகள் சரி, லாரிகள்தான் தப்பு என்று ஆணையம் முடிவுக்கு வந்தது. அங்கே வழக்கமாக ஓட்டுகிற நாற்பத்துநாலு பேருக்கும் நோட்டீஸ் போனது. வயதில் மூத்தவன் என்பதால் விசாரணைக்கு எவரிஸ்தோவைக் கூப்பிட்டார்கள்.

விசாரணை ஒரு ஹோட்டல் கூடத்தில். வெளியே ஜூலை மாத வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே குளிர் தாங்காமல் மூன்று அதிகாரிகளும் கோட்டுக்கு மேல் சால்வை போர்த்தியிருந்தார்கள். மெக்சிகோவுக்கு அபெலார்தோ செர்தூச்சே, அமெரிக்காவுக்கு டார்லீன் ஹச்கிராஃப்ட் அம்மையார், கனடாவுக்கு ரேஷான் திபோதோ.

"உக்காருங்க எவரிஸ்தோ, பயப்படாதீங்க" என்றார் செர்தூச்சே. "இது விசாரணை இல்ல. உரையாடல். இதுல நாங்க கேப்போம், நீங்க பதில் சொல்வீங்க."

"ஐயா, புகை விடக் கூடாதுன்னுதானே இந்த ஆபீசே வச்சிருக்கீங்க?"

ஹச்கிராஃப்ட் அம்மையார் கண்ணாடியைக் கழற்றினார். "மிஸ்டர் கர்சா, முப்பது வருஷமா நான் புகையைக் குறைக்கிற வேலையில இருக்கேன். இல்லாத புகையை என்னால குறைக்க முடியாது. யாராலயும் முடியாது. அது விஞ்ஞானம்."

"மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார் திபோதோ. எதைச் சொன்னாலும் அவர் அப்படித்தான் ஆரம்பிப்பார். "உங்க மேல எங்களுக்குக் கோபமே இல்ல. நீங்க முன்கூட்டியே நல்லவரா இருந்துட்டீங்க, அதான் கஷ்டம். திட்டம் ஆரம்பிச்ச பிறகு நல்லவரா மாறியிருந்தீங்கன்னா எல்லாருக்கும் எவ்வளவு சௌகரியமா இருந்திருக்கும்!"

"இப்ப நான் என்னங்க பண்ணணும்?"

"ரொம்ப சுலபம்" என்றார் செர்தூச்சே. "ஆகஸ்ட் மாசம் முப்பது நாள், தினம் எட்டு மணி நேரம், நின்ன இடத்துலயே எஞ்சினை ஓட விடுங்க. கருவி அதை எழுதிக்கும். அதுக்குப் பேரு தொடக்க அளவு. முப்பத்தோராம் நாள் நிறுத்திடுங்க. நாங்க கை தட்டுவோம், பச்சை வில்லை குடுப்போம், போட்டோ எடுப்போம்."

"அதாவது, நிறுத்துறதுக்காக ஓட்டணும்."

"பாத்தீங்களா, எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டார்!" என்று செர்தூச்சே மற்ற இருவரையும் பார்த்துப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமையிலேயே எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றால் அவருக்குப் பேச்சு வரும். "பதினொரு வருஷத்துல இந்த ஆணையம் முப்பத்தெட்டு மாநாடு நடத்தியிருக்கு. வான்கூவர், ஹொனலுலு, கான்கூன். கான்கூன்ல மட்டும் ஒன்பது தடவை. ஏன்னா கடற்கரையில ஒத்துழைப்பு நல்லா வருது. எங்க மூணு நாடும் எதுல வேணா சண்டை போடும். ஆனா அடுத்த மாநாடு எங்கேங்கிறதுல ஒரு தடவைகூட கருத்து வேறுபாடு வந்ததில்ல!"

"விமானத்துல போவீங்களோ?" என்று எவரிஸ்தோ தெரியாமல்தான் கேட்டான்.

"அது பயணிகள் போக்குவரத்து. நாங்க சரக்குப் பிரிவு. அது எங்க எல்லைக்குள்ள வராது" என்றார் ஹச்கிராஃப்ட்.

"ஒரு தடவை அறிக்கையெல்லாம் கனம் அதிகமாகி சரக்கு விமானத்துல போச்சு" என்றார் திபோதோ. "அதை முறைப்படி பதிவு செஞ்சோம். எங்ககிட்ட ஒளிவுமறைவு கிடையாது."

எவரிஸ்தோ வெளியே வந்து வெயிலில் நின்றபோது உடம்பு ஒருமுறை உதறியது. நேராகத் தார்ப்பாய்க்குப் போனான்.

"என்ன கிழவா, ஹோட்டல்ல என்ன போட்டான்?" என்றாள் சாயோ.

"தண்ணி."

"அதுக்கா சட்டையைத் தேச்சுப் போட்டுக்கிட்டுப் போன?"

அவன் நடந்ததைச் சொன்னான். சாயோ சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி, கண்ணில் தண்ணீர் வந்து, மறுபடி சிரிப்பானது. "அப்ப குற்றவாளி நான்தானே? என்னை ஏன் கூப்பிடல?"

"உன் பேரு நோட்டீஸ்ல இல்ல."

"ஒழுங்கா எழுதக்கூடத் தெரியல" என்றவள் கல்லைத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "பாலம் தாண்டாம நீ என்ன பண்ணுவ? முப்பது நாள்தானே, ஓட்டிக்க. ஆனா எஞ்சின் ஓடுனா கோர்டிட்டா கிடையாது. உனக்குந்தான்."

ஆகஸ்ட் முதல் தேதி நாற்பத்துநாலு எஞ்சின்களும் ஓடின. மத்தியானத்துக்குள் தார்ப்பாய் கறுத்தது. சாயோ ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருவருக்கும் விற்கவில்லை. இரண்டு மணிக்குக் கடையை மூடிவிட்டுப் போனாள். மறுநாள் வரவில்லை. கம்பத்துக் கருவி முதல் முறையாக உயிர்பெற்று எண்களாகக் கொட்டியது. ஹோட்டலில் மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள் என்று பிறகு தெரியவந்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் எவரிஸ்தோ வீட்டுக்குப் போனபோது சாயோ வாசலில் நாற்காலி போட்டுக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. கையில் மூச்சு மருந்துக் குழல். பேசாதே என்று சைகை காட்டினாள். அவள் நெஞ்சுக்குள் இருப்பது தன் லாரியின் புகைதான் என்று எவரிஸ்தோவுக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் வரிசையில் போய் நின்றதும் எஞ்சினை நிறுத்தினான். பின்னால் நின்ற மெல்கியாதெஸ் இறங்கி ஓடிவந்தான்.

"அண்ணே, என்னாச்சு? இன்னும் இருபத்தெட்டு நாள்தானே!"

"அவ நெஞ்சு இருபத்தெட்டு நாள் தாங்காதுடா."

"செப்டம்பர்ல என்னண்ணே பண்ணுவீங்க?"

"தெரியல."

மெல்கியாதெஸ் கொஞ்ச நேரம் டயரை உதைத்துக்கொண்டு நின்றான். பிறகு போய்த் தன் எஞ்சினையும் நிறுத்தினான். இரண்டு நாளாகப் பெட்ரோல் பங்கில் விற்கிற குளிர்ந்த ரொட்டியைத் தின்று நொந்துபோயிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். நட்பு பாதி, பசி பாதி. ஐந்தாம் நாள் சாயோ திரும்பி வந்தாள், மூடி 'டங் டங்' என்றது, கருவி மறுபடி செத்தது.

அடுத்த வாரம் ஆணையமே நேரில் வந்தது. மூன்று நாட்டுக்கு மூன்று வெள்ளைக் கார்கள், கருவிக்குத் தனியாக ஒன்று. குளிர்சாதனத்துக்காக நான்கும் எஞ்சினை ஓடவிட்டபடி தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வந்து நின்றன. தொடக்க அளவை மூன்றாம் நாளே ஏன் நிறுத்தினார்கள் என்று விசாரிக்க வந்தவர்கள், கண்ணாடியை இறக்கியதும் பச்சைமிளகாய் வாசனையில் கேள்வியை மறந்துவிட்டார்கள்.

"நாலு குடுங்க" என்றார் ஹச்கிராஃப்ட்.

"எஞ்சினை நிறுத்துங்க" என்றாள் சாயோ.

"இது ஆய்வு வாகனம்மா."

"எனக்கு எல்லாம் வண்டிதான்."

ஆய்வு வாகனத்தை நிறுத்த மூன்று தலைநகரங்களின் அனுமதி வேண்டும். போன் போட்டார்கள். ஒட்டாவா உடனே சரி என்று சொல்லி, தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டது. மெக்சிகோ நகரத்தில் சாப்பாட்டு நேரம். இது முன்னுதாரணம் ஆகாது என்று எழுதித் தரும்படி வாஷிங்டன் கேட்டது. நாற்பது நிமிடம் கழித்து நான்கு எஞ்சின்களும் நின்றன. நாற்பது நிமிடமாக நாலு காரின் புகையையும் எழுதிக்கொண்டிருந்த கருவி சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியது.

திபோதோ அதைப் பார்த்தார். வாயில் கோர்டிட்டாவோடு எழுந்து நின்றார். "குறைஞ்சிருக்கு! நூறு சதவீதம் குறைஞ்சிருக்கு! பதினொரு வருஷத்துல முதல் குறைப்பு!" அவர் கண் கலங்கியது, மிளகாய் காரணமாகவும் இருக்கலாம். "மன்னிச்சுக்குங்க, ஆனா இந்த அம்மா கடைக்காரி இல்ல. இவங்க ஒரு கரிப்புகைக் குறைப்பு நடவடிக்கை!"

"யாரைப் பாத்து என்ன சொல்றான் இவன்?" என்று சாயோ கரண்டியைத் தூக்கினாள்.

"பாராட்டுறாரு, பாராட்டுறாரு" என்று எவரிஸ்தோ நடுவில் புகுந்தான்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. சாயோவின் படம் போட்ட புத்தகம் மூன்று மொழிகளில் வந்தது. அவசர மாநாடு கான்கூனில் கூடி, நடவடிக்கையை ஒப்பந்தத்தில் சேர்த்தது. நடவடிக்கையும் அதன் பாகங்களும் மூன்று நாடுகளுக்குள்ளும் தடையின்றிச் செல்லலாம் என்று ஒரு விதியும் எழுதினார்கள். இப்படிப்பட்ட அம்மாக்கள் வருடத்துக்கு எத்தனை பேர் கிடைப்பார்கள் என்று ஒரு நாடு கேட்டது. ஆகஸ்ட் கடைசி நாளன்று நடவடிக்கையைப் பார்வையிடப் பதினாலு நாட்டுப் பிரதிநிதிகள் வருவதாகத் தீர்மானமானது.

ஓட்டுநர்களுக்கும் வழி பிறந்தது. ஒரு படிவம் வந்தது. அதில் ஒரே ஒரு கேள்வி: "இந்த நடவடிக்கை இல்லாதிருந்தால் தாங்கள் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டிருப்பீர்கள்? விளக்குக." சாயோ இல்லாத உலகத்தில் எவ்வளவு புகை விட்டிருப்பார்களோ அதுதான் தொடக்க அளவு. நாற்பத்துமூன்று பேர் லாரியின் பானெட்டில் தாளை வைத்துப் பத்து மணி நேரம் என்று எழுதினார்கள், பச்சை வில்லை வாங்கினார்கள். எவரிஸ்தோ மட்டும் இரண்டு நாளாகப் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பத்துன்னு எழுதித் தொலையேன்" என்றாள் சாயோ.

"நீ இல்லேன்னா நான் இந்த வரிசையிலயே இருந்திருக்க மாட்டேனே."

"என்ன உளர்ற?"

"மான்டெர்ரேயில மாமாவோட ரொட்டிக் கடைக்கு வேலைக்குப் போறதா இருந்தேன். ஒரு சிநேகிதனுக்காக ஒரே ஒரு நாள் அவனோட லாரியை ஓட்ட வந்தேன். எஞ்சினை நிறுத்துடான்னு ஒருத்தி கத்தினா."

எவரிஸ்தோ ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. சுங்கச்சாவடியில் அவன் சொல்லாத பொய் கிடையாது. ஆனால் சாயோ இல்லாமலும் தான் இதே ஆளாக, இதே லாரியில் உட்கார்ந்திருப்பேன் என்று எழுத அவனுக்குக் கை வரவில்லை. உள்ளதையே எழுதினான்: அவள் இல்லாவிட்டால் மான்டெர்ரேயில் ரொட்டி சுட்டுக்கொண்டிருப்பேன், எஞ்சின் ஓடுகிற நேரம் ஒன்றுமில்லை. சாயோ தாளை வாங்கிப் படித்தாள். வேகாத அடையைத் திருப்பிப் போட்டாள். "மடையன்" என்றாள், மெதுவாக.

படிவம் மறுநாளே திரும்பி வந்தது. கூடவே செர்தூச்சேயும் வந்தார்.

"நடவடிக்கை இல்லாம பூஜ்யம், நடவடிக்கையோட பூஜ்யம். குறைப்பு இல்லையே எவரிஸ்தோ! திபோதோ சார் ரெண்டு தடவை படிச்சுப் பாத்தாரு. அழகா இருக்குன்னாரு. ஆனா அழகுக்குப் படிவத்துல கட்டம் இல்ல."

சாயோ கரண்டியைக் கீழே வைத்தாள். அடுப்பை அணைத்தாள், தார்ப்பாயை மடித்தாள், மூடியைப் பைக்குள் போட்டாள், வீட்டுக்குப் போனாள். அன்று ஆகஸ்ட் இருபத்தொன்பது.

மறுநாள் வரிசையில் கோர்டிட்டா இல்லை. வில்லை கையில் இருக்கிறது, வெயில் நாற்பத்தொரு டிகிரி, சட்டம் போட ஆளில்லை. மத்தியானத்துக்குள் பாதி எஞ்சின்கள் ஓடத் தொடங்கின. கருவியில் எண்கள் ஏறின. பதினாலு நாட்டுப் பிரதிநிதிகளும் அந்த நேரம் விமானத்தில் இருந்தார்கள். மூன்று வெள்ளைக் கார்கள் எவரிஸ்தோவின் வீட்டு வாசலுக்கு விரைந்து வந்தன. யாரும் சொல்லாமலே எஞ்சின்களை நிறுத்தினார்கள்.

"அம்மா, நடவடிக்கை இப்படித் திடீர்னு நிக்கக் கூடாது. ஒப்பந்தத்துல இருக்கு" என்றார் செர்தூச்சே.

"அதுல நான் கையெழுத்துப் போட்டேனா?"

"நீங்க எப்படிப் போடுவீங்க? நடவடிக்கை கையெழுத்துப் போடாது!"

"அப்ப நடவடிக்கைக்கு உடம்பு சரியில்ல. என் கிழவன் பாலம் தாண்டினாத்தான் குணமாகும்."

மூவரும் முற்றத்தில் உட்கார்ந்து சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். எவரிஸ்தோ ஓரமாக நின்றான். குறைப்பு இல்லாதவனுக்கு வில்லை கொடுத்தால் நாளைக்கு முன்னாலேயே நல்லவனாக இருந்த எல்லோரும் வந்து நிற்பார்கள் என்று ஹச்கிராஃப்ட் கவலைப்பட்டார். விதியை மாற்ற மாநாடு வேண்டும், கான்கூனில் அறை கிடைக்க மூன்று வாரம் ஆகும். கடைசியில் திபோதோதான் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க அம்மா. கேஸ் சிலிண்டரை யார் தூக்கிட்டு வர்றது?"

"அவர்தான்."

"சோளம் அரைக்கிறது?"

"அவர்தான். விடியறதுக்கு முன்னால அரைச்சு வச்சுட்டுத்தான் லாரிக்குப் போவாரு."

"தார்ப்பாய் கட்டுறது? மருந்து வாங்குறது?"

"எல்லாம் அவர்தான்" என்றாள் சாயோ. பிறகு, புருஷன் காதில் விழும்படி இருபத்தாறு வருடமாகச் சொல்லாத ஒன்றையும் சொன்னாள்: "அவர் இல்லேன்னா என்னால ஒரு நாள் கடை போட முடியாதுங்க."

ஹச்கிராஃப்ட் அம்மையார் மெல்ல நிமிர்ந்தார். "அப்படீன்னா இவர் பயனாளியே இல்ல. நடவடிக்கையோட ஒரு பாகம்!"

பாகங்கள் தடையின்றிச் செல்லலாம் என்று விதியே இருந்தது. என்ன பாகம் என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு. இணைப்புக் கருவி என்றார் அமெரிக்கர், சக பங்காளி என்றார் கனடாக்காரர், சார்ந்திருப்பவர் என்றார் செர்தூச்சே. மூன்று மொழியிலும் வில்லையின் அளவுக்குள் அடங்குகிற சொல்லாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மூவரும் கையெழுத்துப் போட்டுக் கை குலுக்கினார்கள். மறுநாள் பதினாலு நாடுகள் வந்து கோர்டிட்டா தின்றுவிட்டுப் போயின.

செப்டம்பர் முதல் தேதி காலை எவரிஸ்தோ தார்ப்பாய்க்கு முன்னால் லாரியை நிறுத்தினான். விரிசல் விட்ட கண்ணாடியில் பச்சை வில்லை பளபளத்தது. சாயோ கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கண்ணைச் சுருக்கி, எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நடவடிக்கையின் உதிரிபாகம். எண் ஒன்று."

மெல்கியாதெஸும் மற்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னடா சிரிப்பு?" என்றாள் சாயோ. "இதையேதான் இருபத்தாறு வருஷமா நான் வாயால சொல்லிக்கிட்டிருக்கேன். எழுதிக் குடுக்க மூணு நாடு கூடி உக்கார வேண்டியிருந்துச்சு."

எவரிஸ்தோ லாரியிலிருந்து இறங்கினான். அடுப்பில் கேஸ் தீர்ந்திருந்தது. சிலிண்டரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பாலத்துக்குப் போனான்.